படகுக்கு மட்டும் பியூஸ்

அந்தப் படகு லொறியில் வந்தது. தேயிலை மலைகளுக்கு நடுவே, வளைவுக்கு வளைவு நின்று திரும்பி, மரக்கறி ஏற்றும் லொறியொன்றின் முதுகில் படுத்துக்கொண்டு வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. அன்று பின்னேரம் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்ததும், கூடையை இறக்கி வைக்காமலே சொன்னாள்.

"பழைய தொர ஒரு கப்பல் வாங்கியிருக்காரு. கரண்டு வேலைக்கு ஒங்களத்தான் கூப்புடுவாரு, பாருங்க."

கூப்பிட்டார்.

பழைய துரை என்று நாங்கள் சொல்வது, எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய துரையாக, அதாவது மேனேஜராக, இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களவரை. நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த பழைய பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார். அவர் நன்றாகத் தமிழ் பேசுவார் என்று ஊரெல்லாம் பேர். பழகிய பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவருடைய தமிழில் கட்டளை மட்டும்தான் இருந்தது. வா, போ, எடு, வை, சத்தம் போடாதே, நாளைக்கு வேலை இல்லை. வாழ்நாளெல்லாம் தேயிலை மலையில் நின்று கற்ற தமிழ் அது. ஒருவரை நலம் விசாரிக்க அதில் ஒரு சொல் கிடையாது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, காதோரம் நரைத்தும் விட்டது. அவருக்கு நான் "பையன்".

நான் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் படகுகளுக்கு மின்வேலை செய்தவன். கொரோனா வந்தபோது எங்களையெல்லாம் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போக வழி கிடைக்கவில்லை. அதன் பிறகு ஹட்டனில் கடைகளுக்கும், புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும் வயர் இழுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். படகு வேலை தெரிந்த ஒருவன் இந்த மலையில் இருக்கிறான் என்று யாரோ பழைய துரையிடம் சொல்லியிருக்கிறார்கள்.

படகைப் பங்களாவுக்குக் கீழே, தகரக் கொட்டகையொன்றில் மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். சின்னப் பாய்ப்படகு. நாலைந்து பேர் உட்காரலாம். முன்பக்கம் குனிந்து நுழையும்படி ஒரு சிறிய அறை. உள்ளே கையை விட்டால் பழைய வயர்கள் பச்சை பூத்துப்போய், தொட்ட இடத்தில் உதிர்ந்தன.

"எல்லாம் கழட்டு. பழசு ஒன்னும் வேணாம். நல்ல சாமான் போடு" என்றார் பழைய துரை. பிறகு, அவராகவே ஒரு கதை சொன்னார். இளவயதில் திருகோணமலையில் கூட்டாளி ஒருவரின் படகில் போயிருக்கிறார். பேட்டரிப் பக்கம் வயர் உரசித் தீப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் கடலில் குதித்துத் தப்பியிருக்கிறார்கள்.

"தண்ணி நடுவுல நெருப்பு. எங்க ஓடுறது? சொல்லு பையன்."

"ஓட எடம் இல்ல சேர்."

"அதான். நல்லா செய்."

நன்றாகத்தான் செய்தேன். கேட்ட சாமான் எல்லாம் கொழும்பிலிருந்து வந்து இறங்கியது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, தண்ணீர் புகாத சுவிட்ச் பலகை, கனத்த பேட்டரிகள் இரண்டு. ஒன்று விளக்குகளுக்கு, மற்றது சின்ன மின்மோட்டாருக்கு. பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தை மறக்காத மனிதர், அதனால் மோட்டாரும் பேட்டரியில் ஓட வேண்டும் என்றார். அறைக் கூரைக்குச் சூரியப் பலகை ஒன்று. எங்கள் ஊர் மூடுபனியில் அது என்னத்தைப் பிடிக்கும் என்று கேட்டேன். "கிடைக்கிறது கிடைக்கட்டும்" என்றார்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. பேட்டரியைப் படகின் அடிவயிற்றில், எடை கீழே நிற்கும்படி ஒரு பெட்டிக்குள் இறக்கி, படகு சாய்ந்தாலும் அசையாதபடி பட்டி போட்டு இறுக்கினேன். அதற்கு ஒரு சாண் தள்ளி முதல் பியூஸ். பேட்டரிக்கும் அந்தப் பியூஸுக்கும் இடையில் இருக்கும் கம்பிக்கு மட்டும் காவல் கிடையாது. அதனால் அது எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து மெயின் சுவிட்ச். அங்கிருந்து பலகை. பலகையில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி பியூஸ். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை, அறைக்குள் ஒரு மஞ்சள் விளக்கு. உள்ளே தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டித் தனிக் கம்பி இழுத்து, அதற்கும் ஒரு பியூஸ் வைத்தேன். ஆளில்லாத நேரம் மழை பெய்து படகு நிறைந்தால் அது தானாக ஓட வேண்டும். கம்பி நுனிகளைக் கருவியால் நசுக்கி, மேலே குழாய் உறை போட்டுச் சூடுகாட்டி மூடினேன். ஒரு பின்னேரம் பழைய துரை குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு" என்றார். என்னைப் பாராட்டி அவர் சொன்ன ஒரே தமிழ் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து மேலே ஏறி லயத்துக்குப் போவேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய லயம். முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள், இரண்டு பக்கமும் வாசல், ஒரே கூரை. கரண்டு எங்கள் அப்பா காலத்தின் கடைசியில் வந்தது. அப்போது காம்பராவுக்கு ஒரு விளக்கு என்று கணக்கிட்டு இழுத்த கம்பி. அதிலேயே பிறகு டீவி வந்தது, சோற்றுக் குக்கர் வந்தது, தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் வந்தது. ஒரு காம்பராவின் கம்பி அடுத்த காம்பராவின் கூரைக்குள்ளால் போகும். அடுப்புக்கு மேலே விறகு காயப்போட்ட பரண், அதற்கு மேலே தலைமுறைப் புகை அப்பிய மரச்சட்டம், அந்தச் சட்டத்தில் ஆணியடித்து மடக்கிய வயர். கோடிக் காம்பரா வாசலில் மெயின் பலகை. அதில் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ செம்புக் கம்பியை முறுக்கிச் செருகியிருந்தார்கள். கூரை எரிந்தாலும் அந்தக் கம்பி எரியாது.

மாலைதீவிலிருந்து வந்த புதிதில் அதை எடுத்துவிட்டுச் சரியான பியூஸ் ஒன்று போட்டேன். அடுத்த நாள் காலையில் எல்லாக் காம்பராவிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் சுடவைத்தார்கள். பட்டென்று போய்விட்டது. மறுபடி போட்டேன், மறுபடி போனது. லயமே வாசலில் கூடி நின்று சத்தம் போட்டது. தொழிற்சங்கத் தலைவரின் மகன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஒங்க மாலைதீவுச் சட்டம் இங்க சரிவராது. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவணும், நாங்க காலப் பெரட்டுல பேரு குடுத்து வேலைக்குப் போவணும். பேசாம பழைய மாதிரியே போடுங்க."

"பழைய மாதிரி போட்டா ஒருநாளைக்கு எல்லாம் எரிஞ்சிரும்டா."

"இத்தன வருசமா எரியலியே!"

நான் போடவில்லை. அவனே ஒரு கம்பியை முறுக்கிச் செருகினான். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. பியூஸ் மட்டும் மாற்றிப் பயனில்லை, லயம் முழுவதற்கும் புதுக் கம்பி இழுத்து, காம்பராவுக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டும். கூலி வேண்டாம், நானே செய்கிறேன், சாமானை எல்லாரும் சேர்ந்து வாங்கலாம் என்றேன். ஆனால் லயம் தோட்டத்துச் சொத்து. ஆபீசுக்குப் போனேன். உதவி மேனேஜரான சின்ன துரை என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"நீ எஸ்டேட் எலெக்ட்ரீசியனா?"

"இல்ல சேர்."

"லயத்துல ஒரு ஆணி அடிக்கிறதா இருந்தாலும் எங்ககிட்ட கேக்கணும்."

"அதான் சேர் கேக்க வந்தேன்."

"கேட்டாச்சில்ல, போ."

என் காம்பராவுக்கு மட்டும் உள்ளே நல்ல கம்பி போட்டுக்கொண்டேன். ஆனால் பக்கத்துக் காம்பராவின் வயர் எங்கள் கூரைச் சட்டத்தில்தான் போயிற்று. அதை நான் என்ன செய்ய?

பக்கத்துக் காம்பராவில் இருந்தது ஒரு அக்கா. எனக்கு மூத்தவர். புருஷன் கொழுந்து மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனவர். மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அக்கா பறிக்கும்போது கை ஓடுவது கண்ணுக்குத் தெரியாது என்று என் மனைவி சொல்வாள். நிறுவையில் அக்காவின் கூடைதான் எப்போதும் கனக்கும். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயதாகவில்லை. அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு, பாதி நாள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கிவிடுவாள். நடுச்சுவர் மெல்லியது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று குரல் வரும்.

படகு வேலை பாதியில் இருந்தபோது, பழைய துரையிடம் லயத்துக் கதையைச் சொன்னேன். தோட்டத்து மேனேஜர் அவருடைய சினேகிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவுக்கு வந்து குடித்துவிட்டுப் போகிறவர். ஒரு வார்த்தை சொன்னால் அனுமதி கிடைத்துவிடும் என்று நினைத்தேன். என் கண் முன்னாலேயே போன் எடுத்துப் பேசினார். இங்கிலீசில் பேசிச் சிரித்தார்கள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புது வீடு வருதாம். அந்த லயம் ஒடைக்கப் போறாங்க. ஒடைக்கிற லயத்துக்கு எதுக்கு வயர்?"

"எப்ப சேர் ஒடைப்பாங்க?"

"வரும், வரும். பச்ச லைட் எந்தப் பக்கம் போட்ட?"

"வலப்பக்கம் சேர்."

தீப்பிடித்தது ஒரு வேலைநாளில். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம்.

முந்திய நாள் மகளுக்குக் காய்ச்சல். விடிந்ததும் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு நிற்கப்போவதாக மனைவி என்னிடம் சொன்னாள். அந்தப் பேச்சு சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கும் கேட்டிருக்கிறது. "நல்லது, பிள்ளைய வச்சிக்கிட்டு இரு" என்று அங்கிருந்தே சொன்னார். ஆனால் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. ஒருநாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் அந்த மாதத்துப் பேர், வேலை நாள் கணக்கு, குறைந்துவிடும் என்ற பயம் என் மனைவிக்கு. மகளைத் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். அக்கா அதற்கு முன்பே வேறு மலைக்குப் போய்விட்டார். வாசல் சங்கிலியை வெளியே மாட்டிவிட்டுத்தான் மனைவி போனாள். நாங்கள் யாரும் பகலில் பூட்டுவதில்லை. பிள்ளை தூங்கும்போது கடைக்கோ குழாயடிக்கோ போகிறவர்களும், பிள்ளை எழுந்து வெளியே வராமலிருக்க அப்படித்தான் சங்கிலியை மாட்டிவிட்டுப் போவார்கள்.

அக்காவுக்கு அன்று தலைவலி. தேத்தண்ணி நேரத்தில் கங்காணியிடம் சொல்லிவிட்டு லயத்துக்குத் திரும்பியிருக்கிறார்.

நான் படகின் முன்மூக்கில் படுத்துக்கொண்டு, சிவப்பு விளக்கின் கம்பி நுனியை நசுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்மலையில் புகை தெரிந்தது. தேயிலையில் வெட்டிப் போட்ட கவ்வாத்துக் குச்சியை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு தேயிலை ஸ்டோரின், அதாவது தொழிற்சாலையின், சங்கு ஊதியது. ஊதி ஊதி நிற்காமல் ஊதியது. பழைய துரை பங்களா வாசலில் நின்று தூரக்கண்ணாடியால் பார்த்துவிட்டு என்னைக் கத்திக் கூப்பிட்டார்.

"பையன்! அது உன் லயம்! ஏறு!"

அவரே ஜீப்பை ஓட்டினார். அந்த வயதில், அந்தப் பாதையில், அப்படி ஓட்டினார். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரைத் தகரம் ஒவ்வொன்றாக வளைந்து, பெரிய சத்தத்தோடு கழன்று விழுந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கும் கூடையுமாக ஓடி வந்தார்கள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. வாளி நிறையும்வரை ஆட்கள் அழுதுகொண்டு நின்றார்கள். கீழே பார்த்தால் நீர்த்தேக்கம் முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கரண்டு எடுத்து நாட்டுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். டவுனிலிருந்து வந்த தீயணைப்பு வண்டி எங்கள் வளைவில் திரும்ப முடியாமல் கீழேயே நின்றுவிட்டது. ஆட்கள் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வருவதற்குள் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருந்தது.

"எம் பிள்ள மடுவத்துல இருக்கா, மடுவத்துல இருக்கா" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி என்னைத் தாண்டி ஓடினாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டும் வந்தாள். அப்போதுதான் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தோம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, யாரிடமோ எதையோ வாங்கப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தோல் உரிந்து தொங்கியது.

நடந்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். தீ கோடிப் பக்கம் எழும்பியதுமே எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அக்காவும் வந்துவிட்டார். எங்கள் வாசலில் சங்கிலி மாட்டியிருந்ததைப் பார்த்ததும், "ஐயோ, பிள்ள உள்ள" என்று கத்திக்கொண்டு திரும்ப ஓடியிருக்கிறார். கதவின் மேல்சட்டம் அப்போதே பிடித்துவிட்டது. இரும்புச் சங்கிலி நெருப்பாய்க் காய்ந்திருக்கிறது. அதை வெறுங்கையால் கழற்றியிருக்கிறார். உள்ளே போய், புகைக்குள் கட்டிலைத் தடவி, தீப்பிடித்திருந்த கம்பளியை வாரி இழுத்து, அதற்குள் பிள்ளையைத் தேடியிருக்கிறார். இரண்டு பேர் போய்த்தான் அவரை இழுத்து வந்தார்கள்.

என் மனைவியின் இடுப்பில் இருந்த மகளை அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கியா இருக்கா இவ?" என்றார்.

அக்காவை முதலில் டவுன் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் கொண்டுபோனார்கள். நாங்கள் எல்லாரும் பிள்ளை மடுவத்துக்கு மாறினோம். அன்று போட்டிருந்த துணியைத் தவிர எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. பொய் சொல்கிறேன், எனக்கு ஒன்று மிஞ்சியது. என்னுடைய வேலைச் சாமான் முழுவதும் படகில் இருந்தது.

அடுத்த நாள் பொலிஸ் வந்தது. வயர்க் கோளாறால் வந்த மின்னொழுக்கு என்று உடனே முடிவு கட்டினார்கள். யார் மெயின் பலகையில் கைவைத்தது என்று கேட்டபோது, ஆபீஸ் கிளார்க் என்னைக் காட்டினார். "இந்த ஆள்தான். எஸ்டேட்ட கேக்காம போர்டு மாத்தினது. சின்ன தொர வேணாம்னும் சொன்னாரு." சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதிக்கொண்டார். நான் போட்டது சரியான பியூஸ், அதை எடுத்துவிட்டுக் கம்பி செருகினார்கள் என்று சிங்களத்திலேயே சொன்னேன். யார் செருகியது என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். லயமே அங்கே நின்றது. தலைவரின் மகனும் நின்றான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றான். ஒருவர் வாய் திறக்கவில்லை. நானும் அவன் பேரைச் சொல்லவில்லை. எல்லாம் எரிந்து நிற்கிறவனைக் கையைக் காட்டி ஜீப்பில் ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்லாததை அவனாவது சொல்லுவான் என்று நினைத்தேன். நினைத்தது தப்பு.

பழைய துரை அரிசி மூட்டையும் கம்பளிகளும் கொண்டுவந்து இறக்கினார். ஒருவருக்கும் குறைவைக்கவில்லை. போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழம கெஸ்ட் வருது. படகு முடிச்சிடு."

அப்போது நான் கேட்டேன். "சேர், ஒரே ஒரு ஒதவி. நான் வயர் மாத்த அனுமதி கேட்டது ஒங்களுக்குத் தெரியும். நீங்க மேனேஜருக்குப் போன் பேசினீங்க. அத மட்டும் பொலிஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் நீர்த்தேக்கத்தைப் பார்த்தார்.

"இந்த ரோடு எஸ்டேட் ரோடு. பங்களாவுக்கு வார தண்ணி எஸ்டேட் தண்ணி. நான் இங்க இருக்கணும், பையன்."

அவ்வளவுதான். குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

போய் முடித்துக் கொடுத்தேன். ஏன் போனாய் என்று மனைவி கேட்கவில்லை. வேறு வேலை கையில் இல்லை, மகளுக்குச் செருப்புக்கூட இல்லை. விட்ட இடத்தில், நசுக்காமல் கிடந்த அந்தச் சிவப்பு விளக்குக் கம்பியிலிருந்து தொடங்கினேன். இணைப்பு ஒன்றும் பிழையாகவில்லை. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். அந்தப் படகில் ஒரு விளக்கு பழுதானால் அந்த ஒரு விளக்கு மட்டும் அணையும், மற்றதெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். எங்கள் லயத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பழுது எல்லார் வீட்டையும் எரித்தது. இதை நினைக்காமல் வேலை செய்ய எவ்வளவோ முயன்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். வெளிநாட்டுப் புருஷனும் பெண்சாதியும் ஏறினார்கள். பேட்டரியைக் கவனிக்க நான் பின்னால் உட்கார்ந்தேன். காற்றில்லை, அதனால் பாயைச் சுருட்டிவிட்டு மோட்டாரில் போனோம். சத்தமே இல்லை. இருட்டத் தொடங்கியதும் பழைய துரை சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். சிவப்பு, பச்சை, வெள்ளை. தண்ணீரில் நிறம் நீளமாக விழுந்தது. அந்தப் பெண் கைதட்டினாள். பிறகு, எதிர்மலையைக் காட்டி, அந்தக் கறுப்பாக இருப்பது என்ன என்று இங்கிலீசில் கேட்டாள்.

"பழைய கூலி லயம்" என்றார் பழைய துரை. "எப்படியும் இடிக்கத்தான் இருந்தார்கள்."

மாலைதீவில் இருந்தவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாரா, நான் அங்கே இருப்பதே மறந்துபோனதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது மோசம் என்றும் தெரியாது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கி ஒட்டியிருந்தன. இனி நிமிராது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மடுவத்தைப் பொலித்தீன் படங்குகளால் குடும்பத்துக்கு ஒரு மறைப்பாகப் பிரித்திருந்தோம். எங்கள் மறைப்புக்குப் பக்கத்திலேயே அக்காவுக்கும் ஒன்று கட்டினேன். வந்த கொஞ்ச நாளில், என் மேல் வழக்கு வரப்போவதாக யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள்.

"என்னைய டேசனுக்குக் கூட்டிக்கிட்டுப் போ தம்பி" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். அதே சார்ஜன்ட். அக்காவுக்குச் சிங்களம் கடைவாசலில் சாமான் கேட்கும் அளவுக்குத்தான் வரும். தமிழிலேயே சொன்னார். "இவரு போட்டது நல்ல பீஸுதாங்க. கரண்டு போவுது போவுதுன்னு சண்ட புடிச்சது நாங்க. கம்பிய சொருகுனப்ப நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். இவரு மேல குத்தமில்ல." தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் யாரும் அன்று அங்கே இல்லை. சார்ஜன்ட் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உனக்குச் சாட்சியும் நீயே கொண்டுவருகிறாய், அது பேசுவதையும் நீயே சொல்கிறாய்" என்றார்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "என்னா சொல்றாரு?"

"எழுதிக்கிறேன்னு சொல்றாருக்கா."

அந்த வழக்கு கோர்ட்டுக்குப் போகவில்லை, மூடப்படவும் இல்லை. ஆனால் தோட்டத்தில் அது தீர்ப்பாகிவிட்டது. யாரும் என் முகத்துக்கு முன்னால் சொல்லவில்லை. "போர்டுல கைவச்சவரு" என்று புதிதாக ஒரு பேர் எனக்கு வந்திருப்பதை மகள்தான் விளையாடப்போன இடத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். லயத்துக்காரர்கள் யாரும் வீட்டு வேலைக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. புது வீட்டுக்கு அடிக்கல் நாட்ட ஒரு மந்திரி வந்தார், மாலை போட்டோம். கல்லைச் சுற்றி இப்போது மானாப்புல் வளர்ந்திருக்கிறது.

அக்காவுக்கு என் மனைவிதான் குளிப்பாட்டி, தலை வாரி, சோறு ஊட்டினாள். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பெரியம்மா பெரியம்மா என்பாள். அக்கா பதில் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. வலி என்று நினைத்தோம். ஒரு நாள் காலையில் என் மனைவி ஊட்ட உட்கார்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னாக்கா, வேணாமா?"

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

மனைவிக்கு விளங்கவில்லை. "என்னாக்கா?"

"பிள்ளய மடுவத்துல விடுறேன்னு. ஒரு வார்த்த. கோடிக் காம்பராவுல யாருகிட்டயாவது. வழியில நின்ன ஒருத்திகிட்டயாவது." அழவில்லை, சத்தமும் போடவில்லை. மடங்கிய கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, கணக்குக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். "பிள்ள உள்ள இருந்திருந்தா இந்தக் கை போனதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்டி. நான் ஒரு கம்பளிக்கில்ல கையக் குடுத்திருக்கேன்."

என் மனைவி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள். மறைப்புக்கு இந்தப் பக்கம் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். போய் என்ன சொல்வது? கரண்டுக்காரன் நான், கம்பியைச் செருகினவன் அவன், கேட்டாச்சில்ல போ என்றவர் ஒருவர், ஒடைக்கிற லயத்துக்கு எதுக்கு வயர் என்றவர் ஒருவர். எல்லாரும் நன்றாக இருந்தோம். அக்காவுக்குக் கோபப்பட மிச்சமிருந்தது, தினமும் தனக்குச் சோறூட்டுகிற ஒரு பெண் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அக்கா எங்களோடு பேசவில்லை. பக்கத்து மறைப்புக்காரியிடம் ஊட்டச் சொல்லிச் சாப்பிட்டார். ஒரு நாள் நான் ஹட்டனில் வேலைக்கும் மனைவி மலைக்கும் போயிருந்தபோது, கொழும்பிலிருந்து மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பின்னேரம் வந்து பார்த்தால் அந்த மறைப்பு வெறுமையாகக் கிடந்தது. எங்கள் மகளுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று மனைவி ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். அக்காவின் மகளுடைய போன் நம்பரும் யாரிடமும் இல்லை. அடுத்த கிழமையே வேறு குடும்பம் அந்த இடத்தில் தங்கள் படங்கைக் கட்டிவிட்டது.

நாங்கள் இன்னும் மடுவத்தில்தான் இருக்கிறோம். நான் மாதத்துக்கு ஒரு முறை பங்களாவுக்குப் போய்ப் படகின் பேட்டரியைப் பார்த்துவிட்டு வருகிறேன், அது நன்றாக இருக்கிறது.

என் மனைவிக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு மறைப்பின் முன்னாலும் நின்று, உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சத்தமாகச் சொல்கிறாள்: "பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போறேன். உள்ள யாரும் இல்ல." மடுவத்தில் சிலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த மறைப்புக்குப் போகிறாள்.